தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா நீங்க?

காலேஜ்ல ரத்ததான முகாம். டெஸ்ட் பண்ணி கையில கார்டு கொடுக்குறாங்க: 'பி பாசிட்டிவ்'. வீட்டுக்குப் போய் விசாரிச்சா அப்பா 'ஓ', அம்மா 'ஏபி'. ரெண்டு பேர் குரூப்பும் உங்களுக்கு வரலை! ஃபிரெண்ட்கிட்ட சொன்னா, "ஏலே, அப்போ ஒன்னைய தவிட்டுக்குத்தான் வாங்கியிருக்காவ!"னு ஒரு சிரிப்பு.

டென்ஷன் ஆகாதீங்க பாஸ். நீங்க அந்த வீட்டுப் பிள்ளையா இருக்கறதுல எந்தக் குழப்பமும் இல்லை. சொல்லப்போனா, அப்பா ஓ, அம்மா ஏபின்னா பிள்ளைக்கு ரெண்டு பேர் குரூப்பும் வராது. ஏ அல்லது பி, இதான் கணக்கு!

எப்படி?

ரத்த வகைக்கான ஜீன் அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ஜோடியா வருது. அதுல மூணு ரகம்: ஏ, பி, ஓ. 'ஓ' ரொம்ப சாது. பக்கத்துல ஏ இருந்தாலும் பி இருந்தாலும் அடங்கிடும். ஆனா ஏயும் பியும் சேர்ந்தா? ஒண்ணு இன்னொண்ணை அமுக்காது. சிவப்பணு மேல ஏ அடையாளமும் இருக்கும், பி அடையாளமும் இருக்கும். இதுக்குப் பேருதான் இணை ஓங்குதன்மை, அதாவது கோடாமினன்ஸ்.

கலந்து புதுசா ஒண்ணு வர்ற கதை வேற. சிவப்பு அந்திமந்தாரையும் வெள்ளை அந்திமந்தாரையும் சேர்ந்தா ரோஸ் கலர் பூ வரும். ஏபி அப்படியில்லை, நம்ம இரட்டை நகரம் மாதிரி. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. 1843-லேயே சுலோசன முதலியார் பாலம் வந்து சேர்த்து வெச்சாச்சு. ஆனாலும் எந்த ஊரும் தன் பேரை விட்டுக்கொடுக்கலையே!

இப்போ உங்க கார்டுக்கு வருவோம். அப்பாகிட்ட ரெண்டுமே ஓ. அம்மாகிட்ட ஏ ஒண்ணு, பி ஒண்ணு. உங்களுக்கு அம்மா தந்தது பி, அப்பா தந்தது ஓ. ஓ அடங்கிப்போச்சு, பி தெரியுது. அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை: அப்பா ஏ, அம்மா பி, ரெண்டு பேர்கிட்டயும் ஓ ஒளிஞ்சிருந்தா, நாலு பிள்ளைக்கு நாலு குரூப்கூட வரலாம்!

1901-ல வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பிரிச்சுக் காட்டினார். அடுத்த வருஷமே ஏபியும் தெரிய வந்தது. ஆனா இந்த வாரிசுக் கணக்கைச் சரியா போட்டது 1924-ல, ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன்ங்கிற கணித மேதை.

கணக்கு உதைச்சா?

ஏபி அம்மாவுக்கு ஓ பிள்ளைன்னு ரிப்போர்ட் வந்தா? முதல்ல திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. கார்டு தப்பா எழுதியிருக்கலாம். இல்லைன்னா 'பாம்பே குரூப்'பா இருக்கலாம். 1952-ல டாக்டர் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டுபிடிச்சது. ஏ, பி அடையாளங்கள் உட்கார 'ஹெச்'னு ஓர் அடித்தளம் வேணும். இவங்களுக்கு அதுவே கிடையாது. அதனால ஜீன்ல ஏ, பி இருந்தாலும் சாதாரண டெஸ்ட்ல ஓ மாதிரி தெரியும். ஆனா இவங்களுக்கு ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து. இன்னொரு பாம்பே குரூப் ரத்தம்தான் சேரும். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்தக் குறை வந்தாதான் இது வரும். அதனால அத்தை மகன், மாமன் மகள்னு சொந்தத்துக்குள்ளேயே கட்டுற குடும்பங்கள்ல வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

இதெல்லாம் ஏன் தெரிஞ்சுக்கணும்? குரூப் ஒத்துப்போகலைன்னு பேச்சு கிளம்பினா முதல்ல அடிபடுறது அம்மா பேருதான். பாதிப் பாடம் தெரிஞ்சவன் விளையாட்டா சொல்ற ஒரு வார்த்தை ஒரு வீட்டையே உடைச்சிடும். ரத்த வகை கார்டு ரத்தம் ஏத்துறதுக்குத்தான். உறவுக்குத் தீர்ப்பு எழுத இல்லை.

அதனால அடுத்த முகாம்ல தைரியமா கையை நீட்டுங்க. 18 வயசு, 45 கிலோ, ரத்தசோகை இல்லாத உடம்பு இருந்தா போதும். பசங்க 3 மாசத்துக்கு ஒரு தடவை, பொண்ணுங்க 4 மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். உங்க குரூப் அப்பா மாதிரியா, அம்மா மாதிரியான்னு வாங்கிக்கிறவர் கேட்கப்போறதில்லை!