கடலடியில் கைகோத்த குழந்தைகள்

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீர்ப்பரப்பில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது ஸ்நார்க்கெலிங். கரீபியன் கடலிலுள்ள கிரெனடா தீவின் மொலினியர் விரிகுடாவில் இப்படி மிதப்பவர்கள், 26 குழந்தைகள் கைகோத்து வட்டமாக நிற்பதைக் காணலாம். அவை சிமெண்டுச் சிலைகள். சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006இல் தொடங்கிய கடலடிப் பூங்காவைச் சேர்ந்தவை. பார்வையாளர் நெரிசலை இயற்கைப் பவளத்திட்டுகளிலிருந்து திருப்புவதும் இதன் நோக்கம்.

பவள உயிரியின் இளம்புழுக்கள் நீரில் மிதந்து திரியும். கடினமான, அசையாத பரப்பில் ஒட்டினால்தான் அவை வளரும். சொரசொரப்பு அதற்குத் துணைபுரியும். சிலைகளில் இப்போது கடற்பஞ்சும் பவளமும் படர்ந்துள்ளன.

ஆனால், கடலில் எதைப் போட்டாலும் திட்டாகிவிடாது. அமெரிக்காவின் புளோரிடா கரையருகே 1970களில் ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களை இறக்கினார்கள். கட்டுகள் அறுந்தன, அலையில் உருண்ட டயர்கள் அருகிலிருந்த இயற்கைத் திட்டுகளையே சிதைத்தன.

மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளைக் கற்பிக்கும்போது இவ்விரண்டையும் மாணவர்கள் ஒப்பிடட்டும். 'டயரில் இல்லாத எது சிலையில் இருந்தது?' என்று கேளுங்கள். திட்டின்மீது கால் ஊன்றாமல், தொடாமல் மிதந்தே பார்க்க வேண்டியதன் காரணத்தையும் அவர்களே சொல்லட்டும்.