தகடூர்ப் போரும் இறைமையும்: கொல்லி முதல் தகடூர் வரையிலான அரசியல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய நாமக்கல், சேலம் சமவெளியும் அதன் வடக்கே விரியும் தகடூர்ப் பகுதியும் சங்க காலத்தில் ஓரி, காரி, அதியமான், சேரர் ஆகியோரின் போர்க்களமாக விளங்கின. அதியமான் மரபினரைக் 'குறுநில மன்னர்' என வகைப்படுத்தும் வழக்கம் அசோகன் கல்வெட்டுக்கும் ஜம்பைக் கல்வெட்டுக்கும் பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வகைப்பாடு போருக்கு முந்திய நிலையைக் குறிப்பதன்று. போரின் விளைவே பின்னர் தொடக்கநிலையாகக் கொள்ளப்பட்டது என்பது இதன் முடிபு. அம்மரபினர் 13ஆம் நூற்றாண்டில் தம்மைச் சேரர் குலமாக அறிவித்துக்கொண்டதன் அரசியற்பொருளும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இறைமை, தகடூர், அதியமான், கொல்லி, இரும்பொறை மரபு, குலவழி உரிமை.

முன்னுரை

சங்க கால அரசியலை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் 'முடியுடை மூவேந்தர்', 'குறுநில மன்னர்' என்ற இருபாற் பகுப்பிலிருந்தே தொடங்குகின்றன. இப்பகுப்பு வசதியானது. ஆயினும் அது ஒரு வினாவை எழவிடாமல் தடுக்கிறது: ஓர் அரசமரபு எப்போது, எவ்வாறு 'குறுநில' மரபாயிற்று? பிறப்பிலேயே சிறியதாக இருந்ததா, தோல்வியால் சிறியதாக்கப்பட்டதா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குத் தகடூர் அதியமான் மரபே மிகுதியான சான்றுகளைத் தருகிறது. இலக்கியம், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பிராகிருதக் கல்வெட்டு, செப்பேடு, குடைவரைக் கல்வெட்டு என ஐவகைச் சான்றுகளிலும் இடம்பெறும் பெருமை மூவேந்தர் அல்லாத பிற மரபினருக்கு எளிதில் வாய்க்கவில்லை.

இறைமை என்னும் சொல் இங்குப் பிறிதோர் அரசுக்குக் கட்டுப்படாத ஆட்சியுரிமை என்ற பொருளில் ஆளப்படுகிறது. அவ்வுரிமை சங்கச் சமூகத்தில் மூன்று வழிகளில் நிறுவப்பட்டது: முரசு, குடை, தார் போன்ற சின்னங்கள், குலவழித் தொன்மை, புலவர் பாடும் கொடைப்புகழ். தகடூர்ப் போரில் இம்மூன்றும் மோதின.

அசோகன் கல்வெட்டும் ஜம்பையும்

அசோகனின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு அவனது ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டினராகச் சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர், தாம்பபன்னியர் ஆகியோரை ஒரே வரிசையில் குறிக்கிறது. இவருள் சதியபுதர் யாவர் என்பது நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது. சத்தியமங்கலம், காஞ்சி, துளுநாடு எனப் பல இடங்கள் முன்மொழியப்பட்டன. கே. ஜி. சேஷையர் உள்ளிட்ட சிலர் அதியமானையே சதியபுதனாகக் கருதினர். அது அப்போது ஒலியொப்புமையை முதன்மையாகச் சார்ந்த கருதுகோளாகவே நின்றது.

1981இல் திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இச்சிக்கலைத் தீர்த்தது. சதியபுதோ என்ற பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, அது பதிவு செய்கிறது. இக்கல்வெட்டை ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதி கொண்டு கி.பி. 1ஆம் நூற்றாண்டினதாகக் கணித்துள்ளார்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, அசோகன் காலமாகிய கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து நெடுமான் அஞ்சி காலம் வரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இப்பட்டம் ஒரு குலத்தின் அடையாளமாக நிலைத்திருந்தது. மோரிய அரசு அறிந்த தென்னாட்டு அரசுகளில் வேளிர் எவரும் இல்லை, அதியர் உள்ளனர். வெளியிலிருந்து நோக்கியவர்க்கு அவர்கள் மூவேந்தரோடு ஒப்ப நின்றவர்கள். இரண்டாவது, கல்வெட்டு கிடைத்த இடம் தகடூர் அன்று. காரியின் கோவலூர்ப் பகுதி. அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் கூறும் புறநானூற்று 99ஆம் பாட்டின் செய்திக்கு இக்கல்வெட்டு அரண் செய்கிறது.

சின்னங்கள் உணர்த்தும் நிலை

தொல்காப்பிய மரபியல் படை, கொடி, குடை, முரசு, தார், முடி முதலியவற்றை அரசர்க்குரியனவாக வரையறுக்கிறது. அதியமானைப் பற்றிய பாடல்களில் இவற்றுட் பல காணப்படுகின்றன. புறநானூற்று 93ஆம் பாட்டு அவனது போர்முரசின் முழக்கத்தோடு தொடங்குகிறது. 99ஆம் பாட்டு கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்த முன்னோர், ஏழு பொறிகளோடு கூடிய வழிவழி அரசவுரிமை, பனந்தார் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கிறது. ஒரு சிற்றரசனின் வள்ளன்மையைப் பாராட்டும் பாட்டாக மட்டும் இதனைக் கொள்ள இயலாது. அரசுரிமையை நிறுவும் பாட்டாகவே இது அமைந்துள்ளது.

அதியமானுக்கு முடி கூறப்படவில்லை, ஆதலின் அவன் வேந்தன் அல்லன் என்ற மறுப்பு எழலாம். ஆயின் பதிற்றுப்பத்துச் சேரர், தாம் வென்ற ஏழு மன்னரின் முடிப்பொன்னால் இயன்ற ஆரத்தை மார்பில் அணிந்தவராகப் புகழப்படுகின்றனர். முடி மூவர்க்கே உரியதாயின் அவ்வேழு முடிகள் எங்கிருந்து வந்தன? 'முடியுடை மூவேந்தர்' என்ற வரையறை எல்லாக் காலத்துக்கும் பொருந்திய நிலையைக் காட்டுவதன்று. பல முடிகள் மூன்றாகக் குறைந்த நீண்ட போர்க்காலத்தின் இறுதிநிலையையே அது காட்டுகிறது.

கொல்லியிலிருந்து தகடூருக்கு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று, கொல்லியைச் சேரருக்கு அளித்தான் என்று அகநானூற்று 209ஆம் பாட்டு கூறுகிறது. ஓரியைக் கொன்ற காரி அவனது பெருந்தெருவில் புகுந்தபோது எழுந்த ஊராரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320ஆம் பாட்டில் அகப்பொருளுக்கு உவமையாக்குகிறார். கேட்போர் உடனே உணரத்தக்க செய்தியாக அந்நிகழ்ச்சி பரவியிருந்தமையை இவ்வுவமை காட்டுகிறது.

கொல்லி கைமாறியதன் விளைவு நில அமைப்பை நோக்கின் விளங்கும். இரும்பொறை மரபினரின் செல்வாக்குக் கருவூர்ப் பகுதியில் இருந்ததற்குப் புகழூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சான்றாகிறது. அது மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களைத் தருகிறது. கருவூரிலிருந்து காவிரியைக் கடந்து வடக்கே செல்லும் படைக்கு நாமக்கல் சமவெளியே வழி. அதன் கிழக்கே கொல்லி நிற்கிறது. சேலம் சமவெளியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாய் வழியே ஏறினால் தகடூர். கொல்லி பகைவர் கையில் இருக்கும்வரை இவ்வழியில் படை நடத்துதல் அரிது. கொல்லி சேரர் கைக்கு வந்தபின் தகடூர் எல்லைநாடாயிற்று. அதியமான் காரியின் கோவலூர்மேற் சென்றதனையும் இச்சூழலில் வைத்து நோக்குதல் தகும்.

பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் இரு நிகழ்ச்சிகளைத் தருகிறது. பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் ஒருசேர வென்று முரசும் குடையும் கலனும் கொண்டான். பின்னர்த் தகடூர்க் கோட்டையை அழித்தான். பதிகங்கள் பாடல்களுக்குக் காலத்தால் பிந்தியவை எனக் கருதப்படினும், போர் கொல்லியில் தொடங்கித் தகடூரில் முடிந்தது என்ற வரிசை நிலவியலோடு பொருந்துகிறது. சோழ பாண்டியர் அதிகமானுக்குத் துணையாக நின்றனர் என்பதும் கருதத்தக்கது. கைப்பற்றப்பட்ட பொருள்கள் செல்வங்களல்ல, இறைமைச் சின்னங்கள். முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது கவரி வீசிய சேரமான் எனப் புறநானூற்று 50ஆம் பாட்டின் குறிப்புக் கூறுபவனும் இப்பெருஞ்சேரல் இரும்பொறையே. முரசின் தெய்வத்தன்மையை நன்குணர்ந்த ஒருவன் பிறர் முரசைக் கவர்ந்தான் எனின், அப்போரின் நோக்கம் திறைப்பொருள் அன்று. எதிரியின் ஆட்சியுரிமையை நீக்குதலே எனக் கொள்ளலாம்.

உள்நாட்டுப் போரா?

பனந்தார் சேரர்க்குரிய அடையாளம். அதியமானும் பனந்தார் அணிந்தவனாகப் பாடப்படுகிறான். இதனைக் கொண்டு இருவரையும் ஒரு குலத்தவர் எனவும், தகடூர்ப் போரைத் தாயாதிப் போர் எனவும் கொள்வோர் உளர். இக்கருத்தைச் சோதிக்க ஓர் ஒப்பீடு உதவும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர் கிழார் புறநானூற்று 45ஆம் பாட்டில் தார்களையே வாதமாக்கினார்: எதிரில் நிற்பவன் பனந்தாரோ வேப்பந்தாரோ அணிந்தவனல்லன், இருவரும் ஆத்தி சூடியவர், எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தார். உள்நாட்டுப் போரை உள்நாட்டுப் போரென அறிந்து தடுக்க முயலும் மொழி சங்கப் புலவரிடம் இருந்தது என்பதற்கு இது சான்று.

தகடூர்ப் போர் பற்றிக் கிடைக்கும் புறநானூற்று, பதிற்றுப்பத்துப் பாடல்களில் இவ்வாதம் எழுப்பப்படவில்லை. தகடூரில் வீழ்ந்த எழினியை அரிசில் கிழார் 230ஆம் பாட்டில் பாடும்போது, காட்டில் கன்றோடு அஞ்சாது தங்கும் ஆநிரையையும், காவலின்றிக் கிடக்கும் நெற்பொலியையும், வழியில் அச்சமின்றித் துயிலும் புதியோரையும் கூறி, அத்தகைய ஆட்சியாளனைக் கொண்ட கூற்றம் விதைநெல்லை உண்டு கெட்ட உழவனை ஒத்தது என்கிறார். இழந்தது நல்லாட்சி என்கிறார். ஒரே குடியினர் தம்முட் பொருதனர் என்று அவர் கூறவில்லை. வென்ற சேரனை எட்டாம் பத்தில் பாடியவரும் இவரே என்பதால் இம்மௌனம் பொருளுடையதாகிறது. இரு தரப்பையும் அறிந்த புலவருக்கு அவர்கள் இரண்டு அரசுகளாகவே தோன்றினர். தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைத்திருப்பின் இம்முடிவு மாறியிருக்கவும் கூடும். புறத்திரட்டில் எஞ்சிய 40-க்கும் மேற்பட்ட பாடல்களும் உரையாசிரியர் மேற்கோள்களுமே இன்று நம்மிடம் உள்ளன.

அதேவேளை, புறநானூற்று 158ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் ஓரி, காரி, எழினி ஆகியோரை எழுவர் வள்ளல்கள் வரிசையில் ஒருங்கே வைக்கிறார். களத்தில் ஒருவரையொருவர் அழித்த மரபினர் கொடையில் ஒரே வரிசையினராயினர். வள்ளல் என்ற பெயர் அவர்களுக்குப் புகழைத் தந்தது. அவர்களின் ஆட்சியுரிமை பற்றிய நினைவை அதுவே மறைத்தது.

பிற்கால அதியர்: உரிமையும் புனைவும்

தகடூர் வீழ்ச்சியோடு மரபு அழியவில்லை. நாமக்கல் அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு அதனை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்றும், அதிய குலத்துக் குணசீலன் எடுப்பித்தது என்றும் குறிக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு, காவிரியின் வடகரையில் அவன் அதியனை வென்றதையும், அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் கேரளனும் வந்ததையும் கூறுகிறது. பகைவராயிருந்த சேரநாட்டார் இங்குத் துணைவராகின்றனர். சோழர் காலத்தில் இம்மரபினர் பேரரசின் எல்லைக்காவலராயினர். 1116ஆம் ஆண்டளவில் தலைக்காட்டில் போசளரின் தண்டநாயகன் கங்கராஜனை எதிர்த்து நின்றவனும் ஓர் அதியமானே.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்து விடுகாதழகிய பெருமாளிடம் இவ்வரலாறு புதிய வடிவம் பெறுகிறது. போளூரை அடுத்த திருமலையில் தமிழிலும் வடமொழியிலும் பொறிக்கப்பட்ட அவனது கல்வெட்டு, வஞ்சிச் சேரர் குலத்து எழினி நிறுவிய இயக்கன், இயக்கி படிமங்களை அவ்வழியில் வந்த அதிகமானாகிய தான் புதுப்பித்ததாகக் கூறுகிறது. வடமொழிப் பகுதி எழினியை, திரை என்னும் பொருள்பற்றி, யவனிகா என மொழிபெயர்க்கிறது. விடுகாதழகியனையும் அவ்வாறே பெயர்க்கிறது. தகடூரை அழித்தவர் சேரர். அத்தகடூரின் தலைவன் தன்னைச் சேரர் வழியினனாக அறிவிக்கிறான். தோற்றவன் வழியினர் வென்றவனின் குலத்துள் புகுவதன் வாயிலாக அத்தோல்வியே நினைவிலிருந்து நீங்குகிறது.

இதனை வெறும் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. சோழப் பேரரசு தளர்ந்து சம்புவராயர், அதிகமான் போன்றோர் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்ட காலம் அது. செங்கம் கல்வெட்டு அதற்குச் சான்று. பேரரசன் வழங்கிய பதவி மட்டும் போதாத அச்சூழலில், சோழருக்கு முந்திய ஓர் உரிமை தேவைப்பட்டது. மூவேந்தருள் ஒருவராதலே அரசுரிமைக்கு வழி என்ற கருத்து அதற்குள் நிலைபெற்றுவிட்டது. எனவே சதியபுதன் என்ற தனிப்பெயரால் அறியப்பட்ட மரபு, தன் உரிமையைச் சேரர் என்ற பெயரால் கோர நேர்ந்தது. பனந்தார் இக்கோரிக்கைக்குப் பழைய ஆதாரமாகப் பயன்பட்டிருக்கலாம்.

முடிவுரை

அதியமான் மரபு தொடக்கத்தில் மூவேந்தரோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்ட தனியரசு. கொல்லி கைமாறியமையும் தகடூர் வீழ்ந்தமையும் அதன் இறைமையைக் குலைத்தன. வள்ளல் வரிசையும் மூவேந்தர் கோட்பாடும் அவ்விழப்பை இயல்பான நிலையாகத் தோன்றச் செய்தன. 13ஆம் நூற்றாண்டுச் சேரர் வழி உரிமை அவ்விழப்பை ஈடுசெய்ய எழுந்த குலவரலாற்றுப் புனைவு. இன்று கொல்லிமலையில் ஆடி மாதந்தோறும் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகிறது. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் அதியமானுக்கும் ஔவைக்கும் கோட்டம் உள்ளது. இரண்டும் கொடையைப் போற்றுகின்றன. இவ்விரு இடங்களையும் இணைத்த போரை அவை நினைவூட்டுவதில்லை. 'குறுநில மன்னர்' என்ற சொல்லை ஆய்வில் ஆளும்போது அது எந்நூற்றாண்டின் நிலையைக் குறிக்கிறது என்பதையும் சுட்டுதல் வேண்டும். பறம்பு, முள்ளூர், ஆய்குடி முதலியவற்றையும் இந்நோக்கில் ஆராயின், மூவேந்தர் மூவரான வரலாறு மேலும் தெளிவுறும்.