கிணற்றடியில் தொடங்கும் ஆரோக்கியம்

நீண்ட ஆயுள் என்றதும் சத்து மாத்திரையும் டொனிக்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அன்புச் சகோதரிகளே! அவற்றைத் தேடுமுன் உங்கள் வளவுக் கிணற்றை ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்து வந்திருக்கிறோம். அந்தக் கல்லோ துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. மலசலகூடக் குழியின் கழிவும், தோட்டத்துக்கு இடும் யூரியாவும் அதே வழியாகக் கிணற்றைச் சேர்ந்துவிடும்.

1990 ஒக்டோபர் இறுதியில் வெளியேற்றப்பட்டு, புத்தளம் முதலிய இடங்களில் பல்லாண்டு அகதிகளாக வாழ்ந்து, போர் முடிந்த 2009க்குப் பின் சோனகத் தெருப் பக்கம் திரும்பிய குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பாழடைந்த வீட்டைத் திருத்தும்போதே கிணற்றையும் இறைத்துச் சுத்தம் செய்வியுங்கள். மலக்குழி கிணற்றிலிருந்து இயன்றளவு எட்டத்தில் இருக்கட்டும்.

"கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்?" என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாமல் உடல் நீலம் பாரிக்கலாம். ஆகவே முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். வேலியோரத்து முருங்கை இலையும், தவிடு போகாத சிவப்பரிசியும், ஒடியல் கூழும் நம் மண் தந்த உணவு. அவற்றை மறந்து தேநீருக்குச் சீனியை அள்ளிப் போடுவானேன்? உப்பும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, தாண்டக் கூடாது. விறகு எரிப்பவர்கள் புகை வெளியேற வழி வையுங்கள். அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் நீங்களும் உங்கள் சின்னஞ்சிறுசுகளும்தான்.

மனமும் உடலின் பங்காளி. இடம்பெயர்ந்து உறவுகள் சிதறிய வீட்டில், மூலையில் தனித்திருக்கும் முதியவருக்கு மருந்தைப் போலவே பேச்சுத் துணையும் வேண்டும். அஸருக்குப் பின் அவரையும் கைபிடித்து அயல்வீடு வரை நடந்து போய் வாருங்கள். அவர் கால்களுக்கும் நல்லது, உங்கள் மனதுக்கும் நல்லது.