குளம்புக்குப் பொடி பலன் தருமா?

சித்திரை வந்தால் புதுக்கடையிலிருந்தும் நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. பார்க்கிறவர் கண் வேகத்தில். குதிரைக்காரர் கண்ணோ குளம்பில். குளம்பு வெடித்தால் லாடத்து ஆணி பிடிக்காது.

அதை உறுதியாக்கவென்று விற்கும் சத்துப் பொடிகளில் முக்கியமானது பயோட்டின் என்ற விற்றமின். வேலை செய்யுமா? செய்யும், ஆனால் மெதுவாக. வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. குளம்பின் தரம் தேறியது தெரியவே 9 மாதம் பிடித்தது. வளரும் வேகமோ கூடவில்லை.

வெடித்த பழைய குளம்பை எந்தப் பொடியும் ஒட்டாது. மேலே மயிர் முடியும் விளிம்பில் பிறக்கும் புதுக் குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட இறங்குவதில்லை. நுனியைத் தொட ஏறக்குறைய ஒரு வருடமாகும். ஒரே மாதத்தில் பலன் என்று பேணியில் எழுதியிருந்தால், அது வியாபாரப் பேச்சு.

இப்படியான பொடிகள் பலவற்றில் சேரும் இன்னொன்று, செலினியம். கொஞ்சம் தேவைதான், அளவு மிஞ்சினால் குளம்பே வெடித்துக் கழன்றுவிடும். ஆகவே இரண்டு மூன்று பொடிகளைக் கலந்து கொடுக்கிறவர்கள் முதலில் மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.