பெரும்பூனைகளின் புகலிடம்: அன்பும் கணக்கும்

நம் பாடநூலில் 'சரணாலயம்' என்ற சொல் வந்தால் மாணவர் மனத்தில் எழுவது காடு. முதுமலை, முண்டந்துறை என்று பெயர் சொல்லி விளக்குகிறோம். அங்கே புலி தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். நாம் அதன் காட்டைக் காத்தால் போதும். ஆனால் காட்டையே பார்த்திராத புலிகளும் சிங்கங்களும் உலகில் உண்டு. கூண்டில் பிறந்து, புட்டிப்பால் குடித்து, சர்க்கஸிலோ தனியார் வீட்டிலோ வளர்ந்து, பிறகு கைவிடப்பட்டவை அவை. வேட்டையாடப் பழகாதவை; மனிதரைக் கண்டு ஒதுங்காதவை. எனவே காட்டில் விட இயலாது. சாகும் வரை யாராவது வைத்துப் பராமரிக்க வேண்டும். அமெரிக்காவில் இப்பணியை இலாப நோக்கமற்ற அமைப்புகள் பல செய்துவருகின்றன. அத்தகைய இடங்களை இக்கட்டுரையில் 'புகலிடம்' என்று குறிப்பிடுகிறேன்.

கொலராடோவில் ஒரு முன்மாதிரி

கொலராடோ மாநிலத்தின் கீன்ஸ்பர்க்கில் உள்ள 'தி வைல்டு அனிமல் சாங்சுவரி' 1980-இல் பேட் கிரெய்க் என்பவரால் தொடங்கப்பட்டது. அப்போது அவர் இளைஞர். விலங்குக்காட்சிச் சாலைகளில் இடமில்லாமல் 'உபரி' என ஒதுக்கப்படும் விலங்குகள் கொல்லப்படுவதை அறிந்து, குடும்பப் பண்ணை நிலத்திலேயே பணியைத் தொடங்கினார். இன்று அங்கு புலிகளும் சிங்கங்களும் கரடிகளும் பல ஏக்கர் பரப்புள்ள வேலியிட்ட புல்வெளிகளில் வாழ்கின்றன. விலங்குகளை வைத்து சர்க்கஸ் நடத்துவதை பொலிவியா நாடு 2009-இல் தடை செய்தது. அங்கு மீட்கப்பட்ட 25 சிங்கங்கள் 2011-இல் விமானம் மூலம் இங்கே வந்து சேர்ந்தன. பார்வையாளர்கள் விலங்குகளின் அருகே செல்வதில்லை. தரைக்கு மேலே உயரத்தில் அமைத்த, சுமார் 2.4 கி.மீ. நீளமுள்ள நடைபாலத்தில் நடந்தபடியே பார்க்கலாம்.

ஏன் குட்டி கூடாது?

புகலிடத்தின் முதல் விதி இனப்பெருக்கம் கூடாது என்பது. அழிந்துவரும் இனம்தானே, குட்டி பிறந்தால் நல்லதல்லவா என்று மாணவர் கேட்பர். அங்கே பிறக்கும் குட்டியும் காட்டுக்குப் போகப்போவதில்லை. இன்னொரு கூண்டு உயிராகவே அது வளரும். மீட்கக் காத்திருக்கும் ஒரு விலங்கின் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். எனவே கருத்தடை செய்கிறார்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண் சிங்கத்தின் விரையை அகற்றினால் ஹார்மோன் குறைந்து பிடரிமயிர் உதிர்ந்துவிடும். ஆகவே ஆணுக்கு விந்துக்குழாயை மட்டும் துண்டிப்பார்கள். அல்லது பெண்ணுக்கு அறுவை செய்வார்கள். ஹார்மோன் பாடத்திற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அன்றாடப் பணிகள்

புதிதாக வரும் விலங்கைத் தனிமைப்படுத்தி மருத்துவர் பரிசோதிப்பார். எலும்பில்லாத கறி மட்டுமே தின்று வளர்ந்த குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்துக் குறைவால் கால் வளைந்திருக்கும். நகம் அகற்றப்பட்ட புலி நொண்டி நடக்கும். ஏனெனில் நகத்தை அகற்றுவது என்றால் விரலின் கடைசி எலும்பையே வெட்டுவதாகும். காயம் எதுவானாலும் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். பணியாளர் பாதுகாப்பும் முக்கியம். கூண்டைச் சுத்தம் செய்யுமுன் விலங்கை அடுத்த அறைக்கு மாற்றிப் பூட்டுவார்கள். இரட்டைக் கதவுகளில் ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்கும். எவ்வளவு பழகிய விலங்கானாலும் அது இருக்கும் அடைப்புக்குள் யாரும் நுழைவதில்லை.

பணம் எங்கிருந்து?

நன்கொடை, நுழைவுக் கட்டணம், தன்னார்வலர் உழைப்பு ஆகியவையே இவற்றின் ஆதாரம். ஒரு புலிக்கு நாளுக்கு 5 கிலோ இறைச்சி, வாரத்தில் ஒரு நாள் உணவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,560 கிலோ. அது 15 ஆண்டுகள் வாழ்ந்தால் 23,400 கிலோ. மீட்ட அன்று நாளிதழில் படம் வரும், நன்கொடையும் குவியும். பத்தாம் ஆண்டிலும் இறைச்சி வாங்கியாக வேண்டுமே! டெக்சாஸ் மாநிலத்தில் 'வைல்டு அனிமல் ஆர்பனேஜ்' என்ற புகலிடம் பணநெருக்கடியால் 2010-இல் மூடப்பட்டது. அங்கிருந்த விலங்குகளுக்கு வேறு புகலிடங்களைத் தேட வேண்டியதாயிற்று. இடமும் நிதியும் இல்லாதபோது 'இயலாது' என்று மறுப்பதும் நல்ல நிர்வாகத்தின் பகுதியே.

சட்டம்

2022 டிசம்பர் 20-இல் அமெரிக்காவில் பெரும்பூனைப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. பெரும்பூனைகளைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பதையும், குட்டிகளைப் பொதுமக்கள் தொட்டு மகிழ விடுவதையும் அது தடுக்கிறது. ஏற்கெனவே வைத்திருந்தோர் 2023 ஜூன் 18-க்குள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இனப்பெருக்கமோ விற்பனையோ செய்யாத, பொதுமக்களைத் தொட விடாத இலாப நோக்கமற்ற புகலிடங்களுக்கு விலக்கு உண்டு.

நம் நாட்டில் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்துவது 1998 அறிவிக்கையால் தடை செய்யப்பட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட பெரும்பூனைகளுக்காக மறுவாழ்வு மையங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று நம் வண்டலூர் பூங்காவைச் சார்ந்தது.

வகுப்பறையில்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் காணொளியைப் பற்றிச் சொல்லி, "எவ்வளவு பாசமா வளக்குறாங்க சார்!" என்றாள். அவள் சொன்னதை மறுக்காமல், "அந்தக் குட்டியோட அம்மா எங்கே? ரெண்டு வருஷம் கழிச்சு இந்தக் குட்டி எங்கே இருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டேன். விவாதம் பாடவேளை முழுவதும் நீண்டது.

ஆசிரியர்கள் இதை எளிதில் செய்து பார்க்கலாம். விலங்குகளைக் காட்டும் ஓர் இடத்தைப் பற்றி மாணவரை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: அங்கே குட்டி ஈனச் செய்கிறார்களா? விலங்கை விற்கிறார்களா? பார்வையாளர் தொட அனுமதி உண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்பதே விடையானால் அது புகலிடமாக இருக்க வாய்ப்புண்டு. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மேலும் விசாரிக்க வேண்டும். கணக்குப் பாடவேளையில், 20 புலிகள் உள்ள புகலிடத்தின் ஓராண்டு இறைச்சிச் செலவை உள்ளூர் விலையில் கணக்கிடச் செய்யலாம். அந்தத் தொகையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, புலிக்குட்டி வளர்க்க இன்னும் யாருக்கு ஆசை என்று கேட்டுப் பாருங்கள்.