காது நரம்பில் கட்டி, ஆனால் ஆபரேஷன் வேண்டாம்: டாக்டர் ஏன் ‘ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்’ என்கிறார்?

ஒரு காதில் மட்டும் கேட்பது குறைகிறது. இயர்போன் கோளாறு என்று அதை மாற்றியும் பார்த்தாச்சு. கடைசியில் ஈஎன்டி டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்ல, ரிப்போர்ட்டில் ‘வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா, 10 மி.மீ.’ என்று வருகிறது. டாக்டரோ, “இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுங்க” என்கிறார்.

வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் இது அலட்சியம் இல்லை. சிறிய கட்டிகளுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வழி இது.

சமநிலையைக் கவனிக்கும் நரம்பின் உறையில் உருவாகும் கட்டி இது. புற்றுநோய் அல்ல, பரவாது. சிக்கல் அது இருக்கும் இடத்தில்தான். கேட்கும் நரம்பும், முகத்தை அசைக்கும் நரம்பும் அதே குறுகிய எலும்புக் குழாய் வழியாகப் போகின்றன. கட்டியை எடுக்கப்போய் அந்தக் காது கேட்காமல் போகலாம், முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கலாம். வளராத கட்டிக்காக இந்த ரிஸ்க் எதற்கு?

சரி, வளருமா? டென்மார்க்கில் 552 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியான ஆய்வில், குழாய்க்குள்ளேயே இருந்த கட்டிகளில் 17%, வெளியே நீட்டியிருந்தவற்றில் 29% வளர்ந்தன. அந்த வளர்ச்சியும் முதல் 5 ஆண்டுகளுக்குள் தெரிந்துவிட்டது. 2023-ல் வெளியான நார்வே ஆய்வில் 100 பேரில் பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு, மீதிப் பேருக்குக் காத்திருப்பு. காத்திருந்த 50 பேரில் 21 பேருக்கு 4 ஆண்டுகளுக்குள் கட்டி வளர்ந்து கதிர்வீச்சு தேவைப்பட்டது. ஆனாலும் அறிகுறிகள், செவித்திறன், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

17% எங்கே, 42% எங்கே? நோயாளிகளும் வேறு, ‘வளர்ச்சி’ என்பதை அளந்த விதமும் வேறு. விட்டத்தில் 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்பது பழைய கணக்கு. ஆனால் 10 மி.மீ. உருண்டை 11 மி.மீ. ஆனாலே அதன் கன அளவு 33% கூடிவிடும்!

நீங்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். ஆண்டுக்கு 1 மி.மீ. வளரும் கட்டியைப் போன வருட ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டால், ஒவ்வொரு முறையும் ‘பெரிய மாற்றம் இல்லை’ என்றே ரிப்போர்ட் வரலாம். முதல் ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் 3 ஆண்டில் 3 மி.மீ. கூடியது தெரியும். அதனால் “முதல் படத்தோடவும் ஒப்பிட்டீங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

வேலைக்காக சென்னை, பெங்களூரு, புனே என்று ஊர் மாறும்போது தொலைவது அந்த முதல் படம்தான். ஃபிலிமும் ரிப்போர்ட் பேப்பரும் போதாது. டைகாம் ஃபைல்களை சிடியிலோ பென் டிரைவிலோ வாங்கி, கிளவுடிலும் ஒரு காப்பி போட்டு வையுங்கள். முடிந்தவரை ஒரே சென்டரில் எடுப்பது நல்லது. எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது என்பதால் அந்தப் பயம் வேண்டாம். வழக்கமாக முதல் 5 ஆண்டுகள் வருடம் ஒருமுறை, பிறகு இடைவெளி கூடும். ஆனால் முழுசாக நிறுத்துவதில்லை.

கட்டி வளராமலேயே செவித்திறன் குறையலாம் என்பதால் ஆடியோகிராமும் கூடவே தேவை. இரண்டு காதிலும் கட்டி இருந்தால் அது என்எஃப்2 என்ற மரபணுக் கோளாறாக இருக்கலாம். அதற்கான கண்காணிப்பே வேறு. முகம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, திடீரென காது கேட்காமல் போவது என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள்.