பனமலையிலிருந்து ஒரு விண்ணப்பம்

போன சனிக்கிழமை மறுபடியும் பனமலை. செஞ்சியில் அம்மா வீட்டுக்கு வந்தால் அரை நாளாவது அங்கே போகாமல் திரும்புவதில்லை என்று ஆகிவிட்டது. ஏரியில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. படியேறி மேலே போனால், ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலின் நிழலில் ஒரு பையன் உட்கார்ந்து அடிப்பீடத்துக் கல்வெட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். செஞ்சி பக்கத்துக் கிராமம், பொறியியல் கடைசி வருஷம். பேச்சு எங்கெங்கோ போய்விட்டுக் கடைசியில் இங்கே வந்து நின்றது.

"சார், பி.இ. முடிச்சிட்டு அமெரிக்காவுல தமிழ்ல டாக்டர் பட்டம் பண்ணலாமாமே? அதுக்குக் காசும் அவங்களே தருவாங்களாமே? நெஜமா சார்?"

நிஜம்தான். ஆனா அந்த "நிஜம்தான்"க்குப் பின்னால் நிறைய இருக்கிறது. அவனிடம் மலைமேல் அரை மணி நேரம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே மூன்று இடத்துக்கு விண்ணப்பித்து மூன்றிலும் தோற்றவன். நாற்பத்து நாலு வயசில், வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்போது, இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அது இந்தக் கட்டுரையில் தீராது.

முதலில் வழி எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் தமிழில் முனைவர் பட்டம் என்றால் முதலில் எம்.ஏ. தமிழ். பி.இ. படித்தவன் எம்.ஏ. தமிழில் சேரலாமா? சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும். சில இடங்களில் இளநிலையில் பகுதி ஒன்றாகத் தமிழ் படித்திருக்க வேண்டும் என்பார்கள். பொறியியலில் பகுதி ஒன்று ஏது? ஓர் அலுவலகத்தில் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தமிழே படிக்கலையா தம்பி?" என்று கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவனைப் பார்த்து! 2022இல் யூஜிசி கொண்டுவந்த புதிய விதிப்படி நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேரே முனைவர் பட்டத்துக்குப் போகலாம். 2024இல், அப்படிப்பட்டவர்கள் தாங்கள் படித்த பாடம் எதுவானாலும் வேண்டிய பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம் என்றும் அறிவித்தார்கள். ஏட்டளவில் கதவு திறந்திருக்கிறது. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதியைப் படித்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும். ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு என்பதால் எனக்கு அந்தப் பேச்சே கிடையாது. பையனுக்கு உண்டு.

ஜெர்மனி இன்னொரு வழி. ஹாம்பர்க், ஹைடல்பெர்க், கொலோன் எல்லாம் தமிழாய்வில் பழைய பெயர்கள். அங்கேயும் முனைவர் பட்டத்துக்கு முன் எம்.ஏ. வேண்டும், எம்.ஏ.வுக்குத் தொடர்புள்ள இளநிலைப் பட்டம் கேட்பார்கள். கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017இலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. விசாவுக்காக முடக்கக் கணக்கில் கிட்டத்தட்ட 12,000 யூரோ காட்ட வேண்டும். பையன் இதைக் கேட்டதும் கைப்பேசியில் ரூபாய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டான்.

அமெரிக்க முறைதான் நம்மைப் போன்ற திசைமாறிகளுக்குக் கொஞ்சம் இடம் தருகிறது. அங்கே "தமிழ்த் துறை" என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் பலர் கூகுளிலேயே தொலைந்துபோவார்கள். சிகாகோவில் தெற்காசிய மொழிகள் மற்றும் நாகரிகங்கள் துறை. பெர்க்லியில் தெற்கு, தென்கிழக்கு ஆசியவியல் துறை. டெக்ஸாஸ் ஆஸ்டினில் ஆசியவியல். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிய மொழிகள் மற்றும் இலக்கியத் துறை. ஏ.கே. ராமானுஜன் 1993இல் இறக்கும்வரை சிகாகோவில்தான் கற்பித்தார். தமிழைச் செம்மொழியாக அறிவிக்கலாம் என்று 2000இல் கடிதம் எழுதிய ஜார்ஜ் ஹார்ட் பெர்க்லியில் இருந்தார். பெயர்ப் பலகையில் தமிழ் இல்லாவிட்டாலும் உள்ளே இருந்தது.

இந்தத் துறைகளில் நான்காண்டு பி.இ. பட்டத்தை இளநிலையாக ஏற்றுக்கொள்வார்கள், என்ன பாடம் என்பது தடையில்லை. சில இடங்களில் எம்.ஏ. இல்லாமலே பிஎச்.டி.க்கு நேரே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் பொதுவாக ஐந்தாண்டுக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு, பதிலுக்குச் சில பருவங்கள் வகுப்பெடுக்க வேண்டும். பையன் கேட்ட "காசும் தருவாங்களாமே" இதுதான். ஆனால் ஒரு துறை ஒரு வருஷத்துக்கு எடுப்பது ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அதிலும் தமிழுக்கென்று ஓரிடம் இருந்தால் பெரிய விஷயம், சில வருஷம் அதுவும் இருக்காது. 2025 ஆகஸ்டில் சிகாகோவே கலை, மானுடவியல் துறைகள் பலவற்றில் அடுத்த கல்வியாண்டுக்குப் பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆகவே நாம் விண்ணப்பிக்கும் வருஷத்தில் சேர்க்கை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பார்கள்? மதிப்பெண் பட்டியல், நோக்க உரை, மூன்று பரிந்துரைக் கடிதம், எழுத்து மாதிரி, ஆங்கிலத் தேர்வு. ஜிஆர்இயைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. கட்டணம் ஓர் இடத்துக்கு நூறு டாலரை ஒட்டி வரும். கடைசித் தேதி டிசம்பர், ஜனவரி. பட்டியலாகப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பரிந்துரைக் கடிதத்தில் முதல் இடி. எனக்கு யார் தருவார்கள்? என் மேலாளர் நான் எழுதிய நிரலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார். நான் கிரந்தம் வாசிப்பேனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பொறியியல் கல்லூரி ஆசிரியர்களோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். கடைசியில் மேலாளர் ஒன்று, வார இறுதிக் கல்வெட்டு வகுப்பில் பாடம் சொன்ன ஒரு பெரியவர் ஒன்று, பழைய கல்லூரி ஆசிரியர் ஒன்று என்று சேர்த்தேன். அந்தப் பெரியவரின் கடிதம் ஒன்றுதான் உருப்படியானது. பையனிடம் அழுத்திச் சொன்னது இதைத்தான்: உன் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆட்கள் மூன்று பேர் வேண்டும். அது டிசம்பரில் தேடினால் கிடைக்காது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இலிருந்து இருக்கிறது, பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியின் மையமும் அங்கேதான். செஞ்சியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பாரிஸிலிருந்தும் ஹாம்பர்க்கிலிருந்தும் ஆட்கள் சங்க இலக்கியம் வாசிக்க அங்கே வருகிறார்கள், செஞ்சிக்காரன் போவதில்லை. நானும் நாற்பது வயசுவரை போனதில்லை.

எழுத்து மாதிரிதான் உண்மையான பரீட்சை. பதினைந்து இருபது பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை. எனக்கு இதில் அசட்டுத் தைரியம் இருந்தது. பனமலையைப் பற்றிப் பத்து வருஷமாகக் குறிப்பு எழுதுகிறேன், படம் வைத்திருக்கிறேன், அப்புறம் என்ன? ஹூல்ட்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே பனமலை இருக்கிறது. அங்கே உள்ள ஒரு சுலோகம், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் வெட்டிவைத்த நீண்ட கல்வெட்டின் கடைசிச் சுலோகமேதான். ஒரே பாட்டு இரண்டு ஊரில். ஏன் அதை மட்டும் எடுத்து இங்கே வெட்டினார்கள்? இதை வைத்துப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். கோயிலின் அமைப்பு, கருவறை ஒட்டிய சிற்றாலயத்தில் குடைக்குக் கீழே கால் மடித்து நிற்கும் உமையின் ஓவியம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தேன். நல்ல கட்டுரை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்று மறுப்புக் கடிதமும் வந்த பிறகு, ஒரு பேராசிரியர் மட்டும் என் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டார். அவருக்கு அந்த அவசியமே இல்லை. நான்கு வரி. கேள்வி நல்ல கேள்வி என்றார். ஆனால் சுலோகத்தை நான் ஹூல்ட்ஷின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே வாசித்திருப்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது, மூலத்தை வாசிக்காமல் மூலத்தைப் பற்றி வாதம் செய்கிறேன் என்றார்.

இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. எழுத்து தெரியும், கிரந்தம் கூட்டி வாசிப்பேன். மொழி தெரியாது. ஒரு சொல்லுக்கு ஹூல்ட்ஷ் எடுத்த பொருளின் மேல் ஒரு பத்தியே கட்டியிருந்தேன். அந்தச் சொல்லை வேறு மாதிரிப் பிரித்தால் பத்தி விழுந்துவிடும். நிரல் எழுதுகிறவனுக்கு இது புரியும்: நூலகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதன்மேல் மென்பொருள் கட்டினது மாதிரி.

இங்கேதான் மொழி நிபந்தனை வருகிறது. இந்தத் துறைகள் ஆய்வு மொழியோடு இரண்டாவது ஒரு தெற்காசிய மொழியும், அதோடு பிரெஞ்சு அல்லது ஜெர்மன் போன்ற ஓர் ஆய்வு வாசிப்பு மொழியும் கேட்பது வழக்கம். தமிழனிடம் போய் பிரெஞ்சு கேட்கிறார்களே என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. பனமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் தமிழ். சாமி பெயர் அதன் சமஸ்கிருத மொழிபெயர்ப்பு, தாலம் என்றால் பனை, கிரி என்றால் மலை. அடிப்பீடத்தில் ஓடுவது கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம், பல்லவ வம்சத்தை அசுவத்தாமன் வரை கொண்டுபோகிறது. பல்லவக் கல்வெட்டுகளையும் கோயில்களையும் சேர்த்துப் பார்க்கும் மிக விரிவான அண்மை ஆய்வு எமானுவேல் பிரான்சிஸ் எழுதியது, 2013இலும் 2017இலும் இரண்டு தொகுதியாக வந்தது. அது பிரெஞ்சில். எங்க ஊர்ப் பக்கத்து மலையைப் பற்றிய புத்தகத்தை நான் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிபந்தனை யாரோ நம்மைத் தடுக்க வைத்தது இல்லை, கல்லிலேயே இருக்கிறது.

நம் தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மொழி என்பதால் நமக்கு முன்னுரிமை என்று நினைக்கிறோம். மொழி வகுப்பெடுக்க அது உதவும், அவ்வளவுதான். பழைய உரையோடு ஒரு செய்யுளை வைத்து "இந்த எச்சம் எந்த வினையோடு முடிகிறது?" என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? சங்கப் பாட்டை அகராதி வைத்துப் படித்துப் பழகிய வெளிநாட்டு மாணவர் பட்டென்று சொல்லிவிடுவார். நமக்குக் காதில் விழுவதால் புரிந்துவிட்டது என்று தாண்டிப் போய்விடுவோம்.

பட்டம் இல்லாமல் ஆய்வு செய்ய முடியாதா என்றால் முடியும். ஐராவதம் மகாதேவன் நம் கண்முன் இருந்தார். அறிவியலும் சட்டமும் படித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. சிந்து எழுத்துக்குக் கணினி வைத்துச் சொல்லடைவு தயாரித்து 1977இல் வெளியிட்டார். நம்மில் பலர் பிறக்கும் முன்பு! அவருடைய தமிழ்-பிராமி நூல் 2003இல் ஹார்வர்டு வரிசையில் வந்தது. பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீங்க ஏன் சார் விண்ணப்பிச்சீங்க?" என்று கேட்டான். நல்ல அடி. மகாதேவன் நாற்பது வருஷம் உழைத்தார், எனக்கு அந்த நாற்பது வருஷம் இல்லை என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் செய்வது சரியா தப்பா என்று நேருக்கு நேர் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. பத்து வருஷமாக எழுதியதற்கு எல்லோரும் "அருமை" என்றுதான் சொன்னார்கள். தப்பைச் சொன்ன முதல் ஆள் அந்த நான்கு வரி எழுதியவர்.

இப்போது வாரம் மூன்று நாள், காலை ஐந்தரைக்குச் சமஸ்கிருதம். ஒன்றரை வருஷம் ஆகிறது. எங்கே சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சந்தி பிரிக்கப் பழகவே எட்டு மாசம் போச்சு. இந்த டிசம்பரில் ஓரிடத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பதாக இருக்கிறேன். கிடைத்தால் வீட்டில் என்ன செய்வது என்று இன்னும் பேசவில்லை. மனைவி, "மொதல்ல கெடைக்கட்டும்" என்கிறாள்.

பையனுக்கு வயசு இருபத்தொண்ணு. கிளம்பும்போது அடிப்பீடத்தில் ஒரு வரியைக் காட்டி, இதில் முதல் பத்து எழுத்தைப் பிரித்து எழுதி அனுப்பு, கிரந்த எழுத்து அட்டவணை நான் அனுப்புகிறேன் என்றேன். திங்கட்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் வந்தது. ஏழு சரி. இரண்டு தப்பு. ஒன்றை நான் வேறு மாதிரி வாசித்திருந்தேன். என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கல் அங்கே கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது நேரில் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஆறரைக்கு ஏரிக்கரையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.